கட்டுரையின் முதற்பெயர்

கீழ்த்திசையில் கதிரவன் எழுந்து, நீரிணையில் ஊர்ந்துவரும் படகுகளுக்குப் பொன்பூசி, பினாங்கு நகரின் பழைய ஓட்டுக்கூரைகளைத் தழுவி, மேற்கே தண்ணீர்மலையின் பசுமையில் வந்து இளைப்பாறும் இனிய காலைப்பொழுது. அன்பரே, அவ்வேளையில் அம்மலையடிவாரத்து வீடொன்றின் வாயிலில், உட்செல்லத் துணியாமலும் திரும்ப மனமின்றியும் நின்றிருந்தாள் நிதியியல் பேராசிரியை ஷாஹிரா.

பங்குவிலை சரியுங்கால் எளிய மக்கள் அஞ்சி விற்பதேன் என்னும் ஒரே கேள்வியை இருபத்திரண்டு ஆண்டுகளாய்ச் சுமந்து நடந்தவள் அவள். அவ்வழியில் அவளுக்கு முதலில் பெயரீட்டித் தந்தது, உடன் பணியாற்றிய நாராயணனோடு இளமையில் எழுதிய கட்டுரை. ஆடவரினும் பெண்டிர் கலங்காது பொறுத்திருப்பர் என்று அது நிறுவ, பன்னாட்டு அறிஞரும் அதனை எடுத்தாண்டனர். சென்ற கிழமை பழைய தரவுகளைப் புரட்டியவள், ஓராண்டின் விவரங்களைத் தன் கையே இருமுறை சேர்த்திருக்கக் கண்டாள். பிழை நீக்கிப் பார்த்தபோது, அவ்வேறுபாடு வெயில்பட்ட பனியென மறைந்தது. திருத்தம் வெளியிட வேண்டும் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. ஆனால், பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்து ஓய்விலிருக்கும் நாராயணனுக்கு வாழ்நாட் பெருமையாய் எஞ்சியது அக்கட்டுரை ஒன்றே. அதனைத் தன் வாயால் எவ்வாறு கலைப்பது?

ஒருவாறு உட்சென்று அமர்ந்தாள். நாராயணனின் மனைவி பொன்னம்மை தேநீர் வைத்து அகன்றபின், ஷாஹிரா தாள்களை விரித்து யாவும் உரைத்தாள். பிழை முழுதும் தனதென்றே எழுதப்போவதாகவும் சொன்னாள். நாராயணன் இடக்கையால் ஒவ்வொரு தாளாய்ப் புரட்டினார். தேநீர் ஆறி ஆடை படர்ந்தது.

"நீ மட்டும்னு எழுதாத லா, ஷாஹிரா," என்றார், நாத்தளர்ச்சியால் மெல்ல. "புகழ் வந்தப்ப முதல் பேரு என்னோடது. இப்ப மட்டும் நீ முன்னால போய் நிப்பியா?"

"சேர்த்தது என் கைதான், அண்ணே."

"சரிபார்க்காம அனுப்பி வச்சது நான்."

அவள் விழிகள் நிறைந்தன. நண்பகல்வரை, அவர் சொல்லச்சொல்ல அவள் எழுதியும், தன்னையே மிகுதியாய்க் கடிந்து அவள் எழுதிய வரிகளை அவர் அடித்தும், இருவருமாய் அத்திருத்தக் குறிப்பை முடித்தனர். பொன்னம்மை புதிதாய்த் தேநீர் கொணர்ந்தாள்.

திருத்தம் வெளியாயிற்று. கருத்தரங்கு ஒன்றின் அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. சிலர் ஏளனமும் செய்தனர். ஷாஹிரா அக்கேள்வியை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். உழைத்து ஈட்டியதைத் தாமே பழுதென்று உலகறியச் சொல்லுதல் எவர்க்கும் எளிதன்று. சொல்லும் வேளையில் அருகே ஒருவர் அமர்ந்திருக்கப் பெற்றோரே, அன்பரே, கற்றோருள் பேறுடையோர்.