ஞாயிற்றுக்கிழமை எட்ரூஸ்கர்கள்

ஆவடி ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டையரான பிரகாசம், திருநின்றவூர் வீட்டில் தனியாக உட்கார்ந்து எட்ரூஸ்கர்களைப் பற்றிப் படிக்கிறார் என்று சொன்னால், அவரோடு வேலை பார்த்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மனுஷர் பைபிளையே பூசையில் யாராவது வாசிக்கக் கேட்டதோடு சரி. எட்ரூஸ்கர் என்பவர்கள் இத்தாலியில் ரோமாபுரிக்காரர்கள் தலையெடுப்பதற்கு முன்னால் கொடிகட்டிப் பறந்த ஜனம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துச் சங்கதி. அவர்களுக்கும் இவருக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? எல்லாம் ஒரு போன் காலுக்காகத்தான்.

ஒரே மகள் ரெனிதா ரோமுக்குப் பக்கத்தில் செர்வெத்தேரி என்கிற ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். ஞாயிறு பூசைக்குப் போய் வந்து, ஏதோ ஒன்றைப் பொங்கி வைத்துவிட்டு, மதியம் ஒரு மணிக்கு இவர் கூப்பிடுவார். அங்கே காலை நேரம்.

“சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன். நீ?”

“ம்.”

“மழையா அங்க?”

“இல்லப்பா. சரி, வச்சிடறேன்.”

ஒன்றே முக்கால் நிமிஷம். அப்புறம் அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்த வீட்டில் மனுஷக் குரல் என்றால் டிவிதான்.

அவளைக் குறை சொல்ல முடியாது. போன வருஷம் ஒரு மதியம், அவள் அம்மா ஜெயசீலி வழக்கம்போல இவருக்குப் பரிமாறினாள். இவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, தன் தட்டோடு சமையலறைத் தரையில் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இவர் கூடத்து நாற்காலியில் டிவி பார்த்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். நாலு மணிக்கு விழித்து, “காபி போடலையா?” என்று குரல் கொடுத்தார். மூன்று தடவை கொடுத்தார். மூன்றாவது தடவை எரிந்து விழுந்தார். எழுந்து போய்ப் பார்த்தால், தட்டில் பாதிச் சோறு காய்ந்து கிடக்க, சுவரில் சாய்ந்தபடி அவள் எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தாள்.

அடக்கத்துக்கு வந்த ரெனிதா, திரும்பக் கிளம்புகிற அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“கூட உக்காந்து சாப்ட்டிருந்தீங்கன்னா தெரிஞ்சிருக்கும் இல்லப்பா?”

பாவி மனுஷர் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அதிலிருந்துதான் இந்த ஒன்றே முக்கால் நிமிஷம்.

இப்படியே போயிருக்கும். ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு அவள், “லீவுப்பா. கூட வேலை செய்யறவங்களோட கல்லறைக்குப் போறேன்” என்றாள்.

“ஐயையோ, யாரும்மா செத்துட்டாங்க?”

“எட்ரூஸ்கர்ங்கப்பா. அவங்க செத்து ரெண்டாயிரத்தைந்நூறு வருஷம் ஆகுது” என்றவள், கொஞ்சம் நிறுத்தி, “கல்லைக் குடைஞ்சு வீடு மாதிரியே கட்டி வச்சிருக்காங்க. கட்டில், தலகாணி எல்லாம் கல்லுல” என்றாள். அன்றைக்குப் பேச்சு நாலு நிமிஷம் ஓடியது.

பிரகாசம் பிடித்துக்கொண்டார். பழைய மெஷினில் எந்த இடத்தில் எண்ணெய் விட்டால் ஓடும் என்று கண்டுபிடித்த மாதிரிதான். அந்த வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து போனில் தேடினார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு விஷயம் தயார். ஒரு கல்லறையின் தூணிலும் சுவரிலும் கரண்டி, கத்தி, கயிறு என்று வீட்டுச் சாமான் அத்தனையும் செதுக்கி வைத்திருக்கிறார்களாமே? ஏழு நிமிஷம். அவர்கள் எழுத்தை வாசிக்க முடியும், ஆனால் பாதிக்குமேல் அர்த்தம் யாருக்கும் தெரியாதாமே? பதினொரு நிமிஷம்.

ஆட்டு ஈரலைப் பார்த்து அவர்கள் குறி சொன்னதைப் படித்த வாரம், கறிக்கடை லோகநாதனிடம் ஈரலைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா நைனா, ஈரல்ல இன்னாத்த தேடிக்கினு கீற? இன்னிக்கி அறுத்த ஆடு, நோவு கீவு ஒண்ணும் இல்ல.”

“இத்தாலியில இதுல நாப்பது சாமிப் பேரு எழுதி வச்சிருந்தாங்க லோகு. வெண்கலத்துல ஒண்ணு இன்னும் கீது.”

“அத்தினி சாமியும் உன் கொழம்புலயே எறங்கட்டும். வாங்கிக்கினு கெளம்பு, பின்னால ஆளு நிக்குது பாரு!”

ஈரலைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். அந்த ஞாயிறு ரெனிதா சிரித்தாள். அம்மா போன பிறகு அவள் சிரித்துக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் அடுத்த வாரமே வினை வந்தது. தேடிக்கொண்டே போகையில் ஒரு படம் கண்ணில் பட்டது. சுட்ட மண்ணில் செய்த பெரிய சவப்பெட்டி. அதன் மேல் ஒரே மஞ்சத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சாய்ந்திருக்கிறார்கள். அவன் கை அவள் தோள்மேல். இருவர் முகத்திலும் சிரிப்பு. விருந்தில் இருக்கிறார்கள் என்று கீழே போட்டிருந்தது. எட்ரூஸ்கர் வீட்டுப் பெண்கள் ஆண்களோடு சரிசமமாகச் சாய்ந்து சாப்பிடுவார்களாம். அதைக் கேட்டுக் கிரேக்கர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்களாம்.

பிரகாசம் போனைக் கவிழ்த்து வைத்தார். இதை எப்படி அவளிடம் சொல்வது? சொன்னால் பழைய கேள்வி எழுந்து நிற்கும். ஒன்றே முக்கால் நிமிஷமும் போய்விடும். எனவே அடுத்தடுத்த வாரங்களில் கண்ணாடி, குதிரை, நகை என்று வேறு கதைகளைப் பேசி ஓட்டினார். பொய் சொல்லவில்லைதான், ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் திருட்டுத்தனம் செய்கிற மாதிரி கூசியது.

போன ஞாயிறு. குதிரைக் கதை நடுவில் ரெனிதா குறுக்கிட்டாள்.

“எல்லாத்தையும் சொல்றீங்க. ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்களேப்பா.”

“எதும்மா?”

“புருஷனும் பொண்டாட்டியும் சாப்பிடற சிலை. இங்க எங்க ஊர்ல தோண்டி எடுத்ததுதான். நீங்க பாக்காமயா இருப்பீங்க?”

“பாத்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீ போனை வச்சிருவியோன்னு பயமா இருந்துச்சும்மா.”

இவரே மறுபடி பேசினார். “உங்கம்மாவுக்கு அப்புறமா நிதானமா சாப்புடறதுதான் புடிக்கும்னு நெனச்சுட்டேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.”

“நான் அம்மாவை ஒருதடவை கேட்டேன்ப்பா,” ரெனிதாவின் குரல் இறங்கியிருந்தது. “‘அவரு வான்னு ஒரு வார்த்தை சொன்னா நான் போய் உக்கார மாட்டனாடி?’ன்னுச்சு.”

அந்த வார்த்தையைப் பிரகாசத்தால் தாங்க முடியவில்லை. அறுபத்தேழு வயசு ஆள், போனைக் காதில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். வைக்கவில்லை.

“அழாதீங்கப்பா. டியூட்டிக்கு நேரமாச்சு,” என்றாள் கடைசியில். “அடுத்த வாரம் நீங்க கூப்பிட வேணாம். நானே கூப்பிடறேன். போய்ச் சாப்பிடுங்க. சாப்ட்டேன்னு நீங்க சொன்னதை நான் நம்பல.”

உண்மைதான், சாப்பிடவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு ஈரல் குழம்பை ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு நடந்தவர், சமையலறை வாசற்படியிலேயே நின்றார். திரும்பி வந்து, முழங்கால் வலிக்க வலிக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு சிலிண்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். இந்த வீடு கட்டிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் அவர் உட்கார்வது இதுதான் முதல் தடவை.

நிமிர்ந்து பார்த்தார். கதவு வழியே அவருடைய நாற்காலி தெரிந்தது. டிவியைப் பார்த்துப் போட்டிருந்ததால் அதன் முதுகுதான் தெரிந்தது. பதினேழு வருஷம் ஜெயசீலி இதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டிருக்கிறாள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, தட்டுத் தடுமாறி எழுந்து போய், நாற்காலியைச் சமையலறை பக்கமாகத் திருப்பிப் போட்டார். மறுபடி வந்து தரையில் உட்கார்ந்தார்.

“வா, சாப்புடலாம்” என்றார்.

நாற்காலி காலியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார்.