சோள வண்டி நாளில் ஓர்லின்

சவ ஊர்திக்குக் குறுக்கே சோள வண்டியை நிறுத்திவிட்டார் ரஸ். தேவாலயப் படியில் நின்ற வெர்லாவுக்குப் பகீரென்றது. அப்பாவின் கடைசி நாளில் ஊர் சிரித்துவிடக் கூடாதே என்பதுதான் மூன்று நாளாக அவளுடைய ஒரே கவலை.

ஹார்லோவுக்கும் பக்கத்து ஊர் டெல்பிக்கும் நூறு வருடத்துப் பகை. மாவட்ட நீதிமன்றம் ஒருகாலத்தில் டெல்பியில்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரே ஆராதனையில் இருந்தபோது, ஹார்லோக்காரர்கள் பதிவேடுகளைச் சோளக்கதிருக்கு அடியில் போட்டுக் கடத்தி வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து நீதிமன்றம் இங்கேதான். வருடா வருடம் அந்த நாளில் பதிவேட்டுப் பெட்டியைச் சோள வண்டியில் ஏற்றி நீதிமன்றத்தைச் சுற்றி வருவார்கள். டெல்பிக்காரர்கள் வேஷம் கட்டிவந்து பறிக்கப் பார்ப்பார்கள். முப்பது வருடம் அதற்குக் காவல் இருந்தவர் வெர்லாவின் அப்பா ஓர்லின். பால் வண்டிக்குள் ஒளிந்து வந்தவர்களைக் காதைப் பிடித்து இழுத்துப் போட்ட மனிதர்.

இந்த வருடம் அதே நாளில் அவருடைய அடக்கம், இரண்டு மணிக்கு; பெட்டிக்குக் காவல் ரஸ். டெல்பியின் சவ அடக்க நிலையத்திலிருந்து ஊர்தி பத்தரைக்கே வந்து தொலைத்தது.

"ரெண்டு மணி சாவுக்குப் பத்தரைக்கு வண்டியா? யாருக்குடா காது குத்துற?" என்றார் ரஸ்.

"ஐயா, சத்தியமா உள்ள பொணம்யா!" என்றான் ஓட்டுநர்.

"போன தடவ பாலுன்னீங்க!" ரஸ் பின்கதவைத் திறந்து சவப்பெட்டியைப் படபடவென்று தட்டினார். "எத்தன பேருடா உள்ள? மரியாதையா வெளிய வாங்க!"

வெர்லா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ரஸ் மாமா! அது எங்கப்பா!"

ரஸ் தொப்பியைக் கழற்றினார். "தட்டிட்டேனேம்மா..."

வெர்லா அவரைப் பார்த்தாள். எங்கிருந்துதான் வந்ததோ, குபீரென்று சிரித்துவிட்டாள். "நீங்க தட்டினதோட விட்டீங்க. அப்பாவா இருந்தா தெறந்தே பாத்திருப்பாரு!"

ஊரே சிரித்தது. அவளும் கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது!

"சோள வண்டியிலயே கொண்டுபோவோமா மாமா?"

சவப்பெட்டிக்கு இடம் வேண்டுமே. ரஸ் பதிவேட்டுப் பெட்டியைத் தூக்கினார், அக்கம்பக்கம் பார்த்தார், பக்கத்தில் நின்ற ஓட்டுநரின் கையில் திணித்தார். "கொஞ்சம் புடிப்பா."

வாத்தியங்கள் முழங்க வண்டி நகர்ந்தது. டெல்பிச் சாலை பிரியும் முனை வந்தது. ஓட்டுநர் பெட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்தபடி, வெர்லாவுக்குப் பக்கத்தில், தேவாலயத்தின் பக்கமாகவே நடந்தான்.