மகன் பெயரில் ஒரு வள்ளம்

வள்ளத்தின் முகப்பில் தன் மகனுடைய பெயர் எழுதியிருப்பதை, அதை ஆற்றில் இறக்குகிற அன்று காலையில்தான் ஜெபகுமாரி பார்த்தாள். யேசுரத்தினம் அதுவரை அந்த இடத்தை ஒரு சாக்கால் மூடி வைத்திருந்தார். போதகர் ஜெபம் செய்து முடித்ததும் சாக்கை இழுத்தார். கறுப்பு எண்ணெய் மினுங்கும் பலகையில் வெள்ளைப் பெயிண்டால் ‘ஜெனின்’ என்று எழுதியிருந்தது. படித்துறைக் கடவில் கூடியிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் கை தட்டினார்கள்.

“எப்பிடி இருக்குட்டி?” என்று கேட்டார் அவர்.

“கொள்ளாம், நல்லா இருக்கு” என்றாள்.

யேசுரத்தினம் வாழ்க்கையில் பாதியை வளைகுடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் கழித்தவர். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் வீட்டில் இருந்தார். பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவு. ஜெனின் பிறந்தபோதும் அங்கே, பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோதும் அங்கே. அவன் செத்தபோதும் அங்கேதான் இருந்தார். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவனை, கருங்கல் ரோட்டில் பாறைக்கல் ஏற்றி வந்த டாரஸ் லாரி ஒன்று அடித்துப் போட்டது. கம்பெனியிலிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி, ஊருக்கு வர அனுமதி கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அபின்தான் வீடியோ கால் போட்டு, கல்லறைக் குழிக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். படம் விட்டுவிட்டு வந்தது. பெட்டியை இறக்குகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது. படம் திரும்ப வந்தபோது மண்ணைத்தான் பார்த்தார்.

வந்து சில வாரம் இருந்துவிட்டு மறுபடி போனார். அதன் பிறகும் சில வருஷம் அங்கேயே கிடந்தார். வீட்டுக்கு வந்தால் இவளிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் உடம்பு ஒத்துழைக்காமல் ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகு, பூவாற்றில் ஒரு தென்னந்தோப்பில் கவிழ்ந்து கிடந்த அயினி மர வள்ளத்தைக் கண்டுபிடித்தார். அதை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து முற்றத்துப் பிலாமரத்தடியில் போட்டார். உளுத்த பலகைகளைக் கழற்றினார், புதுப் பலகை சேர்த்தார், இடுக்குகளில் பஞ்சு திணித்தார், முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினார். சின்ன டீசல் எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, மேலே கூரை போட்டு, இரண்டு பிரம்பு நாற்காலிகளும் வைத்தார். ஜெபகுமாரி நேரத்துக்குச் சாயா கொண்டு கொடுத்தாள், எண்ணெய் சட்டியைப் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். வயதான காலத்தில் மனுஷனுக்கு ஒரு விளையாட்டு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பெயரைப் பார்க்கும்வரை.

அவருக்கு அது விளையாட்டில்லை. வெள்ளிக்கிழமைதோறும் போனில் மகன் கேட்டது அது. “அப்பா, நீங்க வந்தா நமக்கொரு போட்டு வாங்கணும். ஆத்துல போவணும்.” பட்டறையில் கூட வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அந்த வாக்கியம் மனப்பாடம். அத்தனை தடவை சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் இருவரும் மட்டும் புறப்பட்டார்கள். ஆற்றோடு பைய இறங்கி, தேங்காப்பட்டணத்தில் ஆறு கடலைத் தொடும் பொழிமுகம்வரை போய், அங்கே மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழத் திரும்புவது என்று திட்டம். மரச்சீனிக்கிழங்கு அவித்து, மீன்கறியைத் தூக்கில் விட்டு வாழையிலை போட்டு மூடி எடுத்துக்கொண்டாள். முஞ்சிறைக்குக் கீழே ஆறு அகலமாகி, ஓட்டமே தெரியாமல் கிடந்தது. இரண்டு கரையிலும் தென்னை, நடுநடுவே புது வீடுகளின் பின்புறம், அவற்றிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிய சாக்கடைக் குழாய்கள். அவர் பின்னால் நின்று சுக்கான் பிடித்தார். ஒரு மீன்கொத்தியைக் காட்டினார். சாய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு தென்னையைக் காட்டினார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

“ஒனக்கு இஷ்டப்பட்டுதா குமாரி?”

“நல்ல காத்து வருது” என்றாள்.

ஒரு கடவில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி கையை நெற்றியில் வைத்துப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பிறகு சத்தமாகக் கூப்பிட்டாள்: “ஏ ஜெனினே! எங்களையும் ஏத்திட்டுப் போவியா?” மற்றவர்கள் சிரித்தார்கள். யேசுரத்தினமும் சிரித்துக் கையசைத்தார்.

வெகுநாளாக யாரும் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிட்டதில்லை. அடுத்த கடவிலும் யாரோ கூப்பிட்டார்கள். பாலத்தின் மேலிருந்து ஒருவன் கூப்பிட்டான். ஒவ்வொரு தடவையும் ஜெபகுமாரி திரும்பிப் பார்த்தாள். எதைப் பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆறு வளைகிற இடத்தில் ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடிக் கிடந்தது. நடுவில் வழி இருக்கும் என்று நினைத்து அவர் உள்ளே விட்டார். கொஞ்ச தூரத்தில் விசிறியில் வேர்கள் சுற்றி எஞ்சின் இருமி நின்றுவிட்டது. திடீரென்று அமைதி. அவர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் கைவிட்டு வேர்களைப் பிய்த்துப் போட ஆரம்பித்தார். எரிச்சல்படவில்லை, சந்தோஷமாகவே இருந்தார். இப்படி ஒரு வேலை வந்ததே அவருக்குப் பிடித்திருந்தது.

“அவன் இருந்திருந்தா என்னைய விட மாட்டான்” என்றார். “‘நீங்க இரிங்கப்பா’ன்னு சொல்லிட்டு வெள்ளத்துல ஒரு சாட்டம் சாடியிருப்பான்.” தண்ணீருக்குள் குதிப்பதுபோல ஒரு கையை வீசிக் காட்டினார்.

“சாட மாட்டான்.”

“என்னது?”

“அவனுக்கு வெள்ளம்ன்னா பயம்.”

அவர் படுத்தபடியே தலையைத் திருப்பினார். “ஆருக்கு?”

“ஜெனினுக்கு. சின்னதுல சர்ச்சிலேருந்து திற்பரப்பு அருவிக்குக் கொண்டு போனாவ. வழுக்கி விழுந்து மூக்குல வெள்ளம் கேறிட்டு. அதுக்குப் பொறவு கொளத்துப் படியில கூட எறங்க மாட்டான். வீட்டுல வாளியில கோரித்தான் குளிப்பான்.”

“எங்கிட்ட நீ சொல்லேல்லியே.”

“நீங்க அங்க கெடந்து வெசனப்படுவியளேன்னு சொல்லேல்ல.”

அவர் எழுந்து உட்கார்ந்தார். கையிலிருந்து வேர் தொங்கியது. “பின்ன போட்டு வாங்கணும், போட்டு வாங்கணும்னு எப்பளும் சொல்லுவானே?”

சின்னப்பிள்ளையின் ஆசை, அதற்கென்ன என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அப்படிச் சொல்லத்தான் அவள் வாயெடுத்தாள். ஆனால் காலையிலிருந்து கரைக்குக் கரை கேட்ட அந்தப் பெயர் அவளை விடவில்லை.

“அது நான் சொல்லிக் குடுத்தது” என்றாள்.

அவர் கையிலிருந்த வேரைக் கீழே போட்டார்.

“போனைக் கையில குடுத்தா பேச மாட்டான். ம், ம்னு நிப்பான். நீங்க ‘என்ன வேணும் மக்கா’ன்னு கேப்பிய. அவன் எனக்க மொகத்தப் பாப்பான். நீங்க கப்பல் பட்டறையில நிக்கிற ஆளு, போட்டுன்னு சொன்னா ஒங்களுக்குச் சந்தோசமா இருக்கும்னு நான் வாயை அசைச்சுக் காட்டினேன். அவன் சொன்னான். நீங்க அப்பிடிச் சிரிச்சிய. அதுனால பின்னயும் அதையே சொல்ல வச்சேன்.”

“‘அப்பா எப்பம் வருவிய’ன்னு கேப்பானே, அது?”

அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

“பைக்கு வேணும்னு போன்ல விளிச்சுக் கேட்டானே?”

“அது அவனே கேட்டது.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அந்த பைக்கை அங்கிருந்தே ஏற்பாடு செய்து, பிறந்தநாளுக்கு வீட்டு வாசலில் கொண்டு நிறுத்த வைத்தவர் யேசுரத்தினம். லாரி அடித்த அன்று அந்த பைக்கில்தான் அவன் போனான். அவர் மறுபடியும் குப்புறப் படுத்து, மிச்சமிருந்த வேர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தார். விசிறி சுத்தமான பிறகும் வெகுநேரம் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

எஞ்சின் கிளம்பியது. அதற்குப் பிறகு அவர் எதையும் காட்டவில்லை.

பொழிமுகத்துக்கு வந்தபோது உச்சி வெயில். கடல் மணலை அள்ளிப் போட்டு ஆற்றின் வாயை அடைத்திருந்தது. மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் அலைச் சத்தம், இந்தப் பக்கம் அசையாத பச்சைத் தண்ணீர். ஒரு சாயாக் கடைக்கு எதிரே தென்னையில் வள்ளத்தைக் கட்டினார். ஜெபகுமாரி இலையைப் போட்டுக் கிழங்கும் மீன்கறியும் வைத்தாள். அவர் தொடவில்லை. அவளும் மூடி வைத்துவிட்டாள்.

“அப்பம் அவனுக்கு என்னதான் பிடிக்கும்?” என்று கேட்டார். கோபம் இல்லாத குரல். வழி கேட்கிறவர் போலக் கேட்டார்.

“பொரோட்டா பிடிக்கும். கோழிக்காலு அவனுக்குத்தான் வைக்கணும். கார்ட்டூன் போட்டா எழும்பமாட்டான். கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் கெட்டித் தூக்க…”

“அது சின்னப்பிள்ளையில. பொறவு?”

அவள் யோசித்தாள். பதினாலு பதினைந்து வயதுக்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவன். தட்டைக் கதவுக்கு வெளியே வைத்தால் எடுத்துச் சாப்பிடுவான். கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பான். காதில் எப்போதும் ஹெட்போன். அதில் என்ன பாட்டு ஓடியது என்றுகூட அவள் கேட்டதில்லை. யேசுரத்தினத்துக்கு மகனைத் தெரியாது, தனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள். அதை நினைத்துத்தான் அவர்மேல் கோபப்பட்டு வந்திருக்கிறாள். இப்போது அவர் கேட்டதும், கொடுக்கத் தன்னிடமும் ஒன்றுமில்லை என்று தெரிந்தது.

“எனக்குத் தெரியாது” என்றாள்.

“கூட இருந்தவ நீதானே.”

“கூட இருந்தேன். எங்கிட்டயும் பேச மாட்டான்.” அவள் குரல் உடைந்தது. “அண்ணைக்கு மார்த்தாண்டத்துல காலேஜு கூட்டுக்காரன் வீட்டுக்குப் படிக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனான். அடிபட்டது கருங்கல் ரோட்டுல. அது வேற பக்கம். எதுக்கு அந்தப் பக்கம் போனான்னு இண்ணு வரைக்கும் எனக்குத் தெரியாது.”

“கூட்டுக்காரன்மாருட்ட கேக்கலியா?”

“கேட்டேன். அவங்களுக்கும் தெரியல்ல.” பிறகு சொன்னாள்: “அடக்கத்துக்கு ஒரு பொம்பளப்பிள்ளை வந்திருந்துது, அவனுக்க வயசுதான் இருக்கும். வாசல் கேட்டுப் பக்கத்துல தனியா நிண்ணு அழுதுது. உள்ள வரவே இல்ல. யாருன்னு கேக்கணும்னு நெனச்சேன். அதுக்குள்ள ஆளுகள் என்னப் பிடிச்சு வீட்டுக்க அகத்த கொண்டு போயிட்டாவ. பொறவு காணல்ல.”

“தேடேல்லியா?”

“என்னத்தச் சொல்லித் தேட?”

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அடக்கத்துக்குப் பிறகு வந்தபோதும் ஏதோ விருந்தாளியைப் போல நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர். அவள் எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். தொடலாமா என்று தெரியவில்லை. தோளில் கை வைத்தாள். அவர் அசையவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

“பஸ்ஸுல போவோம்” என்றார் கடைசியில். “எனக்கு இத ஓட்டிட்டுப் போக முடியாது.”

சாயாக் கடைக்கார அல்போன்ஸிடம், பிறகு வந்து எடுத்துக்கொள்கிறோம், ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார்கள். “நல்ல வள்ளமாச்சே, கெடக்கட்டும் சார். நான் பாத்துக்கிடுதேன்” என்றார் அவர். புதுக்கடை வழியாகப் போகிற பஸ் வந்தது. அவளுக்கு முன்னால் உட்கார இடம் கிடைத்தது. அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீன்கறித் தூக்கு மடியில் சூடாறிப் போயிருந்தது. வீடு வந்ததும் அதைப் பூனைக்குக் கொட்டினாள்.

அவர் வள்ளத்தை எடுக்கப் போகவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை. பிலாமரத்தடியில் மரச்சீவல்கள் மக்கிக் கிடந்தன. இடையில் ஒருமுறை அல்போன்ஸ் கூப்பிட்டு, உள்ளே மழைத் தண்ணீர் தேங்குகிறது, வந்து இறைத்துவிட்டுப் போங்கள் என்றார். யேசுரத்தினம் வருகிறேன் என்று சொன்னார், போகவில்லை.

ஆனி மாத மழையில் ஆறு பெருகிப் பொழி மணல்மேட்டை உடைத்துக்கொண்டு கடலுக்குப் பாய்ந்தது. மறுநாள் உச்சி நேரத்தில் அல்போன்ஸிடமிருந்து போன் வந்தது. யேசுரத்தினம் நின்றபடியே கேட்டுவிட்டு, சரி, சரி என்று மட்டும் சொல்லி வைத்தார். அடுக்களை வாசலுக்கு வந்தார்.

“கயிறு அறுந்து வள்ளம் வெளிய போயிட்டாம். துறைமுகத்துக் கல்லுல அடிச்சுப் பொளந்து கெடக்காம். பெயரு எழுதின பலகைய வேணும்னா எடுத்து வைக்கட்டான்னு கேக்காரு.”

“நீங்க என்ன சொன்னிய?”

“வேண்டாம்னு சொன்னேன்.”

அவள் தலையாட்டினாள். “சோறு வெளம்பியாச்சு. வாங்க.”

இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர் கொஞ்சம் குழம்பு கேட்டார். ஊற்றினாள். ஓட்டின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் அவர் கேட்டார்:

“அடக்கத்துக்கு வந்த அந்தப் பிள்ளையை இப்பம் எங்கயாவது கண்டா ஒனக்கு ஆளு தெரியுமா?”

ஜெபகுமாரி கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். வாசல் கேட்டின் கம்பி தெரிந்தது, அதைப் பிடித்திருந்த கை தெரிந்தது. முகம் வரவில்லை.

“தெரியாது” என்றாள்.