மேடையின் உயரம்

1

இந்தக் கதை எனக்கு அக்கா வீட்டுக் குளியலறையில் கிடைத்தது. கை கழுவப் போனேன். தரையில் குக்கர், கரண்டிகள், கழுவாத தட்டுகள். சோப்பு வைக்கும் இடத்தில் உப்பு டப்பா. சமையலறையை இடித்துப் போட்டிருந்தார்கள். ஆள் வைக்காமல் தானே கட்டிவிடுவதாக அத்தான் கிளம்பியிருந்தார். நாலைந்து வீடியோ பார்த்த தைரியம்.

நான் முதலில் எழுதிய தொடக்கம்: "ஒரு சுவர் இடியும்போது உறவுகளுக்குள்ளும் ஏதோவொன்று..."

[அடித்துவிட்டேன். சுவர் இடிந்தால் தூசிதான் வரும். அந்த வீட்டில் அது சர்க்கரை டப்பாவுக்குள்ளும் வந்திருந்தது.]

2

அக்காவுக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. கைத்தடியோடு நடக்கிறாள். கொஞ்ச நேரம் நிற்பாள்; பிறகு கால் மரத்துப்போகும். சரியாகுமா என்று கேட்டால் மருத்துவர் "பார்க்கலாம்" என்கிறார்.

அவள் உட்கார்ந்தபடி சமைக்கத் தோதாக மேடையைத் தாழ்த்திக் கட்டுவதுதான் அத்தானின் திட்டம். அதை அவளிடம் சொல்லவில்லை. "மேடைக்கல்லு விரிசல் விட்டிருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு இடிக்கத் தொடங்கிவிட்டார்.

(அத்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. முதல் பிரதியில் பிடிவாதக்காரர் ஆகிவிட்டார், இரண்டாவதில் தெய்வம். உண்மையில், தன் கட்டைவிரலைத் தானே சுத்தியலால் அடித்துக்கொண்டு சுத்தியலைத் திட்டுகிறவர்.)

3

அளவெடுத்த விதத்தை அத்தானே பிறகு என்னிடம் சொன்னார். அவருடைய கம்ப்யூட்டர் நாற்காலியில் அக்கா உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கவனிக்காதபோது முழங்கை உயரத்தை டேப்பால் அளந்திருக்கிறார். அது பழுதான நாற்காலி. யார் உட்கார்ந்தாலும் மெல்ல மெல்ல இறங்கும். முழுக்க இறங்கிய பிறகு அளந்திருக்கிறார். சுவரில் அவர் போட்ட பென்சில் கோடு என் முட்டிக்குச் சற்று மேலே இருந்தது.

அக்கா வந்து வாசலில் நின்றாள்.

"என்ன இது, பூனை சமைக்கப் போகுதா?"

"அளந்துதான் போட்டேன்."

"யாரை அளந்தீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சிமெண்ட் மூட்டையைப் பார்த்தேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே வந்து பென்சிலை வாங்கி, பழைய மேடை இருந்த உயரத்தில், நின்று சமைக்கும் உயரத்தில், ஒரு கோடு போட்டாள். அத்தான் தன் கோட்டை அழித்துவிட்டு, ஒழுங்கான நாற்காலிக்கு ஏற்ற உயரத்தில் வேறொன்று போட்டார். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்.

(குழாய் பொருத்திய பகுதி இங்கே வரவேண்டியது. நீக்கிவிட்டேன். தண்ணீர் வந்தது, குழாய் வழியாக அல்ல.)

4

"தாழ்த்திக் கட்டிட்டா அப்படியே உக்காந்துடுவேன். எழுந்திருக்க எனக்கு ஒரு காரணம் வேணாமா?"

"உசத்திக் கட்டி, உன்னால நிக்க முடியலேன்னா? இந்தப் பக்கமே எட்டிப் பாக்கமாட்டே. எனக்குத் தெரியாதா உன்னை?"

"அப்ப நீங்க சமைங்க."

"ஒரு வாரமா ஹால்ல அடுப்பை வெச்சு நான்தான் சமைக்கிறேன். நீ குறையே சொல்லல. அதான் பயமா இருக்கு."

அக்கா சிரித்துவிட்டாள். அதோடு அவள் விட்டுக்கொடுத்தாள் என்று எழுதினால் கதை முடிந்துவிடும். அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

(மேடையை இரண்டு உயரத்தில் கட்டலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கல்லை ஒரே துண்டாக அறுத்து வாங்கி வந்துவிட்டார் அத்தான்.)

5

முடிவு, ஒன்று: தாழ்ந்த மேடை. அக்கா உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறாள். வலி இல்லை. விருந்தாளி வந்தால் மட்டும் எழுந்து நின்று, குனிந்து நறுக்குகிறாள்.

முடிவு, இரண்டு: உயர்ந்த மேடை. அக்கா நின்று சமைக்கிறாள். ஒருநாள் அடுப்பில் எண்ணெய் காயும்போது அவள் கால்

[முடிக்கவில்லை. அவள் என் அக்கா.]

முடிவு, மூன்று: நடுவில். நியாயமானது. உட்கார்ந்தாலும் உதவாது, நின்றாலும் உதவாது.

6

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கல்லைத் தாங்கும் இரும்புச் சட்டங்களுக்குச் சுவரில் துளை போட வேண்டும். அத்தான் டிரில்லிங் மெஷினை எடுத்தார். ஒரு கோட்டைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"நீயே போடு மாப்ளே. எந்தக் கோட்டுலயாவது போடு."

"அவன்கிட்ட எதுக்குக் குடுக்கறீங்க?" என்றாள் அக்கா. "அவனுக்குக் கதையே முடிக்கத் தெரியாது."

கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு மெஷினை அவளே வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் வெளிய போங்க. கண்ணுல தூசி விழும்."

போனோம். கதவை வெறுமனே சாத்திக்கொண்டாள். இப்போது உள்ளே மெஷின் ஓடுகிறது. சத்தத்தை வைத்து உயரம் சொல்ல முடியவில்லை. அவள் நின்றுகொண்டு துளைக்கிறாளா, உட்கார்ந்துகொண்டா என்பதும் தெரியவில்லை. அத்தான் ஒருமுறை கைப்பிடியைத் தொட்டார். தொட்ட கையை எடுத்துவிட்டார்.

உள்ளே போய்ப் பார்க்கவேண்டுமென்றால் நீங்கள் போங்கள். தாழ் போடவில்லை. நாங்கள் இங்கேயே நிற்கிறோம்.