ஷேர் ஆட்டோவில் டிக்கெட் கிடையாது

1

இந்தக் கதை ஒரு பெஞ்சில் தொடங்கியது. அரசு மருந்தகத்தில் என் அம்மா உட்கார்ந்து காத்திருக்கும் பெஞ்ச். அதைப் போடவைத்தவர், மருந்தகம் போன்றவற்றைக் கவனிக்கும் எங்கள் உள்ளூர் வாரியத்தின் உறுப்பினரான தையல்கார அக்கா. "நிக்க முடியாதவங்க எங்க உக்காருவாங்க?" என்று அவர் கேட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன்; நானும் உறுப்பினர்தான். பிஸ்கட் தின்றுகொண்டிருந்தேன்.

2

'அவர் ஒரு வீராங்கனை, அவருடைய கண்களில்…'

(அடித்துவிட்டேன். அக்கா படித்தால் ஊசியை எடுப்பார்.)

கூட்டத்துக்கு வந்தால் அக்காவுக்கு அரைநாள் வேலை போகும். கூட்டத்துக்கு வந்ததற்குத் தரும் அமர்வுப்படி அதற்கு உறைபோடக் காணாது. பயணப்படிக்கோ டிக்கெட் காட்ட வேண்டும். அவர் தெருவுக்கு ஷேர் ஆட்டோதான். அது டிக்கெட் தராது, இடுப்புவலிதான் தரும். விதியை மாற்றச் சொல்லி அவர் கேட்காத கூட்டமில்லை.

(என் வீடு அலுவலகத்துக்கு எதிரே. என் பயணச் செலவு, செருப்புத் தேய்மானம்.)

"கைக்காசு போட்டு எத்தன நாள் வர்றது தலைவரே? அடுத்த கூட்டத்தோட நின்னுக்கறேன்."

தலைவருக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க வர வேணாம்மா. நாங்க வர்றோம்."

3

அடுத்த கூட்டம் தையல்கடையில். மொத்த வாரியமும் ஒரே ஷேர் ஆட்டோவில்; தலைவர் பாதி உள்ளே, பாதி காற்றில். இறங்கியதும் கணக்கர் கைநீட்டினார். "பயணப்படிக்கு டிக்கெட் குடுங்க."

ஒருவரிடமும் இல்லை.

வருடக்கணக்கில் தூங்கிய கோரிக்கை டீ ஆறுவதற்குள் தீர்மானமாகிவிட்டது: பயணப்படிக்கு இனி டிக்கெட் வேண்டாம், வந்த தூரத்தைச் சொன்னால் போதும். தனக்கு வந்தால்தானே தலைவலி.

கணக்கர் தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் உண்டு. அக்காவுக்கு மட்டும் இன்னைக்குக் கிடையாது. அவங்க எங்கயும் போகலையே."

தலைவர் முகம் சுண்டிப்போனது. அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "விடுங்க சார். பேசிக்கிட்டே ரெண்டு ஜாக்கெட் முடிச்சுட்டேன். வாரியத்துல சேர்ந்து இன்னைக்குத்தான் நஷ்டமில்ல."

4

"அப்போ, நிக்கறேன்னு சொன்னது?" என்று தலைவர் கேட்டார்.

அக்கா வாயில் குண்டூசிகள். அப்படியே துணியை மடித்தார்.

முடிவு ஒன்று: அடுத்த கூட்டத்துக்கு அக்கா வருகிறார், தூரத்துக்கான படியும்…

முடிவு இரண்டு: அரைநாள் வேலை அரைநாள் வேலைதானே, அதனால்…

(இரண்டையும் முடிக்கவில்லை. நன்றிக்கடன் பட்டவன் எழுதும் முடிவை நம்பாதீர்கள். நான் அவரை இழுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.)

ஆகவே நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவர் வரவில்லை என்று எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் எழுதும்முன் ஒருமுறை அந்த மருந்தகத்துக்குப் போங்கள். என் அம்மா நகர்ந்து உங்களுக்கு இடம் தருவார்.