சாயங்காலத்துக் கால்

முதல் தடவை நான் ஓட்டத்தில் தோற்றுத் திரும்பியபோது எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. போனால் போகிறது, விடு என்று ஆறுதல் சொன்னார். சொன்ன வேகத்தைப் பார்த்தால், அந்த ஆறுதலை முந்தின நாளே தைத்து மடித்து வைத்திருந்த மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு அடக்கிக்கொண்டேன்.

நான் ஆம்புலன்ஸில் வேலை செய்கிறேன். வண்டியின் பின்பக்கம் நோயாளியோடு உட்கார்ந்து போகிறவள். வண்டியில் போகிற எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறை மைதானத்தைச் சுற்றி, கொடுத்த நேரத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறவளுக்குத் தெம்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், நியாயம்தான். தெம்பு எனக்கு இருக்கிறது. காலுக்கு ஒழுங்கான ஷூதான் இல்லை. ஆபீஸில் கொடுத்த கனத்த ஷூவோடு ஓடி, குதிகால் உரிந்து, கடைசிச் சுற்றில் நொண்டி நொண்டி வந்து சேர்வதற்குள் நேரம் தாண்டிவிட்டது.

ஒரு மாதம் கழித்து இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தோற்றால் வண்டியிலிருந்து இறக்கி ஃபோன் அறையில் உட்கார வைத்துவிடுவார்கள். சம்பளம் அதேதான். தலையில் ஒன்றை மாட்டிக்கொண்டு, எங்கே இருக்கிறீர்கள், மூச்சு விடுகிறாரா என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையைக் குறை சொல்லவில்லை, அவர்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு வழியே தெரியாது. ஆனால் எனக்கு ஆள் கண்ணெதிரே இருக்க வேண்டும். கையைப் பிடித்தால் அந்தக் கை திரும்பப் பிடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டு நான் எங்கேயும் போக மாட்டேன்.

வீட்டுக்காரருக்கு நான் ஃபோன் அறைக்குப் போனால் தேவலை. அதற்குக் காரணமும் இருந்தது. போன வருடம் நாற்சந்தி ஒன்றில் எங்கள் வண்டியை ஒரு லாரி இடித்தது. டிரைவர் அண்ணனுக்குத் தோள்பட்டை விலகியது, எனக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் தையல்காரர். காலை முதல் மெஷினில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் தைக்கிற மனிதர், என் நெற்றித் தையலைப் பிரிக்கிற வரைக்கும் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. வேலையை விடு என்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது தட்டைப் பார்ப்பார், தையல் பிரித்த பிறகும் பேசும்போது சுவரைத்தான் பார்ப்பார்.

ஆகவே, ஷூ வாங்கத் தள்ளுபடிக் கடைக்குப் போகிறேன் என்று நான் சொன்னதும், நானும் வருகிறேன் என்று அவர் கிளம்பியது எனக்கு ஆச்சரியம். ஓடுவதற்கென்றே செய்த ஷூவை முழு விலைக்கு வாங்கினால் காலில் போட மனசு வராது, அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். பெரிய கடை ஒன்றில் பழைய சரக்கைத் தள்ளிவிட, பாதி விலைக்குப் போட்டிருந்தார்கள்.

எனக்கு வேலை மத்தியானம் தொடங்கி ஊர் அடங்கிய பிறகு முடியும். நான் வீடு திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார். காலையில் அவர் கடை திறக்கப் போகிற வரைக்கும்தான் எங்கள் குடித்தனம். கடைக்குப் போனதும் ஒரு காலை வேளையில்தான். கிளம்புவதற்கு முன் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, என் காலை எடுத்துத் தன் தொடை மேல் வைத்து, கழுத்தில் கிடந்த டேப்பால் நீளம், அகலம், சுற்றளவு என்று ஒன்று விடாமல் அளந்தார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று யாரோ எதற்கோ சொல்லிவைத்ததை, தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டவர் அவர். எனக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாணமான புதிதில்கூட என் காலை இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

தள்ளுபடியில் நம் அளவு கிடைப்பது குதிரைக் கொம்பு. குழந்தைகள் போடுவதும், படகு மாதிரி பெரியதும்தான் மிஞ்சிக் கிடக்கும். அன்றைக்கு அதிர்ஷ்டம் போல, குவியலின் அடியிலிருந்து நீல நிறத்தில் ஒரு ஜோடி அகப்பட்டது. போட்டேன். காலோடு ஒட்டி நின்றது. கடையில் இருந்த பெண், கொஞ்சம் பெரிய அளவும் போட்டுப் பாருங்களேன் என்றாள். வீட்டுக்காரர் டேப்பை ஷூவுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, தொளதொளவென்று இருந்தால் கால் ஒரு பக்கம் போகும், ஷூ ஒரு பக்கம் போகும் என்று சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன். ஊரையே அளக்கிறவர் சொல்லும்போது நான் என்ன மறுத்துப் பேசுவது?

மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் முன் சீக்கிரமே போய், ஆபீஸ் பக்கத்து மைதானத்தில் ஓட ஆரம்பித்தேன். முதல் இரண்டு சுற்று சுகமாக இருக்கும். அதற்குப் பிறகு கட்டை விரல் முன்னால் போய் முட்டும். புது ஷூ கடிக்கத்தான் செய்யும், நாளாக ஆகச் சரியாகிவிடும் என்றார் டிரைவர் அண்ணன். சரியாகவில்லை. நகம் ஓரத்தில் சிவந்து, பிறகு கறுத்தது. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிம்மதி முகத்தை மறுபடி பார்க்க வேண்டி வருமே என்று பயம்.

சோதனைக்கு ஒரு வாரம் இருந்தபோது எங்கள் வண்டியை சர்வீஸுக்கு விட்டார்கள். சாயங்காலமே என்னை அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வேலை நெட்டி முறித்திருந்தது, நாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லாமல் ஏறி இறங்கியிருந்தோம். என்றாலும் சோதனை நடப்பதும் இந்தச் சாயங்கால நேரத்தில்தான் என்பதால், ஒரு ஓட்டம் ஓடிப் பார்க்கலாமென்று நீல ஷூவை மாட்டினேன். மாட்டவே சிரமமாக இருந்தது. ஒரு சுற்றுகூட முடியவில்லை. கட்டை விரலில் உயிர் போனது. புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன், சாக்ஸில் ரத்தம். ஃபோன் அறையின் நாற்காலி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு, நேரே அவர் கடைக்குப் போனேன். கால்சட்டை ஒன்றுக்கு இடுப்புப் பட்டை வைத்துக்கொண்டிருந்தார். நல்லவேளை, வாடிக்கையாளர் யாரும் இல்லை. ஷூவைத் துணி வெட்டும் மேஜை மேல் வைத்தேன். அதை அந்த மேஜையில் வேறு யார் வைத்திருந்தாலும் சும்மா விட்டிருக்க மாட்டார்.

"ஊர்ல இருக்கிற எல்லாருக்கும் நாளைக்கு உடம்பு போடும்னு தையலுக்கு உள்ள துணி விட்டுத் தைக்கிறீங்க. எனக்கு மட்டும் நூல் பிடிச்ச மாதிரி வாங்கிக் கொடுத்திருக்கீங்க. நான் தோக்கணும்னுதானே?"

அவர் மெஷினை நிறுத்தினார்.

"நீ தோக்கணும்னு நினைச்சேன். அது உண்மை," என்றார். "லாரி இடிச்ச நாள்லேர்ந்து தினமும் நினைக்கிறேன். அதுக்காக அளவைத் தப்பா எடுக்க மாட்டேன்."

அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு ஆத்திரமும் வந்தது, அவர் பொய் சொல்லவில்லை என்பதும் தெரிந்தது. இவ்வளவு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் இப்போது என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு குனிந்து என் காலைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

என்னை நிற்கச் சொல்லி, டிசைன் வெட்டுகிற பழுப்புத் தாளைத் தரையில் விரித்து, அதன் மேல் ஏறி நில் என்றார். மண்டி போட்டு, துணியில் கோடு போடுகிற சாக்பீஸால் இரண்டு பாதத்தையும் சுற்றி வரைந்தார். ஷூ வாங்கின அன்று காலையில் எடுத்த அளவு அவருக்கு மனப்பாடம். டேப்பை வைத்துப் பார்த்தவர், நிமிராமலே இன்னொரு தடவை அளந்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், யானையின் முகம் அப்போது எப்படியிருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இது நான் அளந்த கால் இல்லை," என்றார். "எவ்வளவு வீங்கியிருக்கு. தினமும் இப்படியா?"

தினமும் இப்படித்தான் என்றேன்.

"உன் காலை நான் காலையில மட்டும்தான் பாத்திருக்கேன்."

அதைக் கேட்டதும் எனக்குச் சண்டை போடுகிற தெம்பு போய்விட்டது. இத்தனை வருடத்தில் நான் வேலை முடிந்து செருப்பைக் கழற்றுகிற நேரத்தில் அவர் விழித்திருந்ததே இல்லை. படுத்து எழுந்து, வீக்கம் வடிந்து, சமையலறையில் நிற்கிற காலைத்தான் அவர் அளந்திருக்கிறார். அதுவும் உட்கார வைத்து, பாரம் ஏறாமல். அதற்குப் பொருத்தமான ஷூவைத்தான் வாங்கியிருக்கிறார். அந்தக் காலுக்கு அது அச்சாகத்தான் இருந்தது.

அவர் தாளைச் சுருட்டினார், மெஷினுக்கு உறை போட்டார். கால்சட்டைக்காரர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று நான்தான் கவலைப்பட்டேன். நாளைக்கு வரட்டும் என்று கதவை இழுத்துப் பூட்டினார். அவர் சொன்ன தேதியில் கொடுக்காமல் விட்ட முதல் துணி அதுவாகத்தான் இருக்கும்.

நேரே அந்த ஷூக் கடைக்கே மறுபடி போனோம். தள்ளுபடி இன்னும் முடியவில்லை, ஆனால் சரக்கு முடிந்துகொண்டிருந்தது. பெண்கள் பகுதியில் என் அளவுக்கு மேலே எதுவும் இல்லை. அவர் தாளை விரித்து, ஒவ்வொரு ஷூவாகக் கவிழ்த்து அதன் மேல் வைத்துப் பார்த்தார். சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கடைப்பெண்ணே வந்து, ஆண்கள் பகுதியில் முன்பக்கம் அகலமாக ஒன்று இருக்கிறது, ஆனால் நிறத்தைப் பார்த்து யாரும் எடுக்கவில்லை என்றாள். எடுக்காததில் வியப்பில்லை. கண்ணைக் குத்துகிற கிளிப்பச்சை, அதில் ஆரஞ்சுக் கயிறு. பாதிக்கும் கீழே விலையைக் குறைத்து, சிவப்புச் சீட்டுக்கு மேல் இன்னொரு சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்.

போட்டேன். வீங்கின கால் உள்ளே போய், பெருமூச்சு விட்டு உட்கார்ந்துகொண்டது. குதிகால் அசையவில்லை, விரல்கள் எல்லாம் விரிந்துகொண்டன. அவர் கீழே உட்கார்ந்து முனையைக் கட்டை விரலால் அழுத்தினார். நடக்கச் சொன்னார். கடையின் கடைசி வரைக்கும் ஓடிவிட்டு வரச் சொன்னார். எல்லோரும் பார்க்கிறார்களே என்றேன். பார்க்கட்டும் என்றார். ஓடினேன். இந்த வயதில், தள்ளுபடிக் குவியல்களுக்கு நடுவே, கிளிப்பச்சைக் காலோடு ஓடித் திரும்பியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. இடம் விட்டிருக்கிறது, பொருத்தம் என்று மட்டும் சொல்லி, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பணம் கட்டுகிற இடத்துக்குப் போனார். பின்னாலிருந்து பார்த்தால் பெட்டி கனமாக இருந்த மாதிரிதான் நடந்தார்.

நகம் ஆறுவதற்கு மருந்து வைத்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். பிறகு மெதுவாக ஓடினேன். சோதனை அன்றைக்கு அவர் சொல்லாமல் வந்து மைதானத்து வேலிக்கு வெளியே நின்றார். நான் மூன்றாவது சுற்றில்தான் பார்த்தேன். மற்றவர்கள் கை தட்டினார்கள், டிரைவர் அண்ணன் கிளி பறக்குது, கிளி பறக்குது என்று கத்தி மானத்தை வாங்கினார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கடைசிவரைக்கும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரத்துக்குள் முடித்தேன், கொஞ்சம் மிச்சம் வைத்தே முடித்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கடையில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார்.

ஓடினவர்களை அன்றைக்குச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போனேன், ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முள் இருந்தது. நான் ஜெயித்ததில் அவர் தோற்றுப்போனார் என்று நினைத்தேன். ஷூவைத் துடைத்து வைக்க அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். அங்கே அவருடைய லைனிங் துணிக் கட்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. திறந்தேன். அதே கிளிப்பச்சை, அதே ஆரஞ்சுக் கயிறு, அதே அளவு. காலில் படாத இன்னொரு ஜோடி.

அவர் வீடு வந்ததும் பெட்டியை முன்னால் வைத்தேன். திருடி அகப்பட்டவர் மாதிரி பார்த்தார்.

"மறுநாளே போய் வாங்கினேன்," என்றார். "அந்த அளவுல அது ஒண்ணுதான் மிச்சம் இருந்தது."

நான் பாஸாவேன் என்று அப்போதே தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். பயம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"போகல," என்றார். "ஆனா வருஷா வருஷம் நீ ஓடணும்ல. ஒரு ஜோடி எத்தனை நாள் வரும்?"

நான் பெட்டியை மூடி, இருந்த இடத்திலேயே, துணிக்கட்டுக்குப் பின்னால் வைத்தேன். பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.