பின்சக்கரத்தில் ஒரு விரல்

...ரயர் முட்டும், கட்டாயம் முட்டும், இப்போது இல்லாவிட்டால் நாளைக்கு மாதா கோயிலுக்குப் போகிற வழியில், தங்கச்சி கல்யாண உடுப்போடு பின்சீட்டில் இருக்கும்போது முட்டும், ஜெனுசனின் தலைக்குள் இதுவே ஓடிக்கொண்டிருந்தது. ஹவுகன்ஸ்டுவா குடியிருப்பின் மாடிக்கட்டடத்துக்கு முன்னால், கார் தரிப்பிடத்தில் குந்தியிருந்தான், இரவு வேலை முடிந்து வந்தவன் இன்னும் படுக்கவில்லை, பாண் தொழிற்சாலை மா காதுமடலில் அப்படியே இருந்தது. அறுபத்தொன்பதாம் ஆண்டு மஸ்டாங் கார். புது றிம் நான்கும் பூட்டியாயிற்று, பழைய நட்டுகளால் ஒப்பேற்றாமல் இந்த றிம்முக்கென்றே உள்ள கூம்பு நட்டுகள் வாங்கி, ஒன்றை இறுக்கிவிட்டு அதற்கு எதிரில் உள்ளதை இறுக்கி... அதெல்லாம் சரி, சக்கரம் நடுவில்தான் நிற்கிறது. ஆனால் இது பழையதைவிட அகலம். வலது பின்பக்கம் ரயருக்கும் அதை மூடும் மட்காட்டின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு விரல்தான் போகிறது, அதுவும் வெறும் காருக்கு. ஆள் ஏறினால்? பள்ளத்தில் விழுந்தால்? அந்தத் தகரம் ரயரைப் பாண் அரிவதுபோல அரியும். ஏன் இவ்வளவு அகலமாக வாங்கினான்? வடிவுக்குத்தான். வேறென்ன.

நாளைக்குப் பின்சீட்டில் ஏறப்போவது தங்கச்சி மேரினும் அப்பாவும், மகளைப் பீடம் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போகிறவர் அவளோடு ஒரே காரில்தான் வருவார், அப்படியென்றால் அந்த இருவரின் பாரத்தையும் ஏற்றித்தான் பார்க்கவேண்டும், அதற்கு அவன் சீமெந்துப் பை தேடினான், மேரினோ அப்பாவையே கீழே இழுத்துவந்துவிட்டாள். எட்வேட். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்ட மகனோடு சாப்பாட்டு மேசையில்கூட மகள் மூலமாகக் கதைக்கிற மனிதர். வாடகைக்குச் சொல்லிவைத்த வெள்ளைக் காரை இன்னும் வேண்டாமென்று சொல்லாதவர். இங்கே முட்டினால் நாளைக்கு அதுதான் வரும், தங்கச்சியை அவன் ஓட்டிப்போக முடியாது, கோயில் வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கவேண்டியதுதான். அதைத்தானே அவரும் விரும்புகிறார்? பொத்தென்று இருப்பார், வேண்டுமென்றே இருப்பார்... “அண்ணா, என்னைத் தராசில வைச்சு நிறுக்கிறியோ?” என்று மேரின் முன்சீட்டை மடித்து இடப்பக்கம் நுழைந்தாள். காலமைப் புட்டை ரெண்டாந்தரம் போடாமல் விட்டிருக்கலாம் என்றான். “இந்தப் பொந்துக்குள்ளால நான் கோட்டு சூட்டோட ஏறவேணுமாமோ, கேள் பிள்ளை அவனை,” என்றபடி அப்பா மறுபக்கம் முனகி முனகி ஏறினார், கார் இறங்கியது, அவன் முழங்காலில் விழுந்து விரலை விட்டான்.

போனது. நம்பாமல் இன்னொரு தரம் விட்டான். இடக்கையால் டிக்கியை அமத்திக்கொண்டு விட்டான். போனது, எப்படிப் போகும், கணக்குப்படி போகக்கூடாதே, அப்பாவின் பாரம் எங்கே போனது? தலையை நிமிர்த்திக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தான். எட்வேட் இரண்டு கையாலும் முன்சீட்டைப் பிடித்து, காலை ஊன்றி, சீட்டில் படாமல், பாரம் முழுக்க முன்பக்கம் சாயும்படி அரைகுறையாக எழும்பி நின்றார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பக்கத்தில் மேரின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அப்பா, சீட்டில வடிவா இருங்கோ,” என்றான் ஜெனுசன்.

“இருக்கிறன்தானே,” மூச்சைப் பிடித்தபடி, மேரினிடம் அல்ல, அவனிடமே சொன்னார். “முட்டுதோடா?”

மகளுக்காகத் தொங்குகிறாரா, பழைய சீட்டின் கம்பி குத்தும் என்ற பயமா, அல்லது... எவ்வளவு நேரம் இப்படித் தாங்குவார்? முட்டவில்லை என்று சொன்னால் பொய்யும் இல்லை. கையை விடுங்கோ என்று சொல்லவேண்டும், சொன்னால்தான் உண்மை தெரியும், ஆனால் ஜெனுசன் ரயருக்கும் தகரத்துக்கும் நடுவே விரலை வைத்தபடியே முழங்காலில் நின்றான்.